பின் ஸீட்டுச் சாட்சி

என் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் யந்திர சாஸ்திரம் படித்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும் தங்கள் வண்டிக்கு வந்த குறையை அவர்கள் சொல்லும் சொற்களில் இருக்கிற நுட்பத்தை, இந்தத் தொழிலில் அறுபது வருஷங்களைக் கழித்துவிட்ட பிறகும் நான் வியந்துகொண்டேதான் இருக்கிறேன். "தூக்கித் தூக்கிப் போடுதுங்க" என்று ஒருவர் சொன்னால் பின்பக்கத்து ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் ஒழுகிப் போயிருக்கும். "இடிக்குதுங்க" என்றால் சக்கரம் தனக்குரிய இடம் முழுவதும் ஏறித் தீர்ந்து, மேலே ரப்பரில் போய் முட்டுகிறது. "தட்டுது" என்பது லிங்க் ராடோ புஷ்ஷோ தேய்ந்ததற்கும், "மிதக்குது" என்பது வேகம் பிடித்ததும் வண்டி அலையின் மேல் தோணிபோல் எழுந்தெழுந்து இறங்குவதற்கும், "அலையுது" என்பது ஸ்டியரிங்கைத் திருப்பிய பின் உடல் ஒரு கணம் தாமதித்துச் சாய்வதற்கும் உரியவை. வைத்தியருக்கு நாடி எப்படியோ அப்படி எனக்கு இந்தச் சொற்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு குறையோடு வருகிறவரை அனுப்பிவைப்பது சுலபம். இரண்டு ஆசைகளோடு வருகிறவரிடந்தான் சிரமம். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர், வாங்கி ஒரு வருஷங்கூட ஆகாத ஸ்விஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்து, வண்டியை 40 மில்லிமீட்டர் தாழ்த்துவதற்கென்றே செய்யப்பட்ட சிவப்பு வர்ணம் பூசிய நான்கு ஸ்பிரிங்குகளைக் காட்டி, "திருப்பத்துல ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகணுங்க, அம்மா அப்பா பின்னாடி உட்கார்ந்தா அலுங்காம இருக்கணுங்க" என்றார். அவர் கேட்டது அநியாயமென்று நான் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு ஆசைகளுக்கும் நடுவில் நின்றுதான் நானும் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறேன். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறித்து, வாங்கிக் கட்டிக்கொண்டுமிருக்கிறேன். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன், அதை எங்கே கற்றேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

1963-ஆம் வருஷம், எனக்குப் பதினான்கு வயது நடந்தபோது, என் தகப்பனார் என்னைக் கோயம்புத்தூரில் பட்டை அடிக்கும் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் விட்டார். பட்டை என்று நாங்கள் சொல்லுவது, லாரிக்கும் காருக்கும் அடியில் அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் எஃகுத் தகடுகளை. எங்கள் கிராமத்தில் சவாரிக்கு வைத்திருந்த வில்வண்டியின் அடியிலும் அதே பட்டைதான் இருந்ததாகையால், மோட்டார் வந்து எங்களுக்குப் புதிதாகக் கற்பித்த வித்தை இதுவென்று சொல்ல இடமில்லை. மேஸ்திரி தொய்ந்துபோன பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, மாதிரியின்மேல் வைத்து அடித்து வளைவு கொடுத்து, எண்ணெயில் தோய்த்தெடுத்து, மறுபடியும் இளஞ்சூட்டில் காட்டிப் பதம் வைப்பார். பதம் வந்ததை அறிய அவரிடம் கருவி எதுவும் கிடையாது. காய்ந்த மரக்குச்சி ஒன்றைச் சூடான தகட்டின்மேல் தேய்ப்பார். குச்சியின் நுனியில் பொறி பறந்தால் பட்டையை அடுப்பிலிருந்து எடுத்துவிடுவார். கடினம் மிஞ்சினால் பட்டை முறியும், குறைந்தால் மறுபடியும் தொய்யும் என்பதை அந்தப் பொறியைப் பார்த்துப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன்.

பூட்டி முடித்த வண்டியை ஒப்படைக்குமுன் மேஸ்திரி பின் பம்பரின்மேல் ஏறி நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, சட்டென்று கீழே குதித்துவிடுவார். வண்டி எழும்பி, ஒரு தரம் தணிந்து, அப்படியே நின்றுவிட வேண்டும். இரண்டாம் தரம் தலையாட்டினால் ஷாக்கைக் கழற்றச் சொல்லுவார். "பட்டை சுமக்கறதுக்கு, ஷாக்கு அடக்கறதுக்கு, கண்ணு, ரெண்டையும் மாத்திப் போட்டுறாதே" என்பார். ஆரம்ப காலத்து அம்பாஸடரில் இப்போதைய குழாய் வடிவமான ஷாக் இராது. எண்ணெய் நிரம்பிய ஒரு சிறு பெட்டியும் அதிலிருந்து நீளும் நெம்புகோலுந்தான். எண்ணெய் குறைந்த அம்பாஸடர் ஒன்று அவிநாசி ரஸ்தாவில் போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால், பெருமாள் கோயில் யானை நடந்து போவதுபோலவே இருக்கும்.

அந்த நாளில் அம்பாஸடர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பொதுவான ஆசை உண்டு. கல்யாணத்துக்குப் போனால் பாட்டி முதல் பேரன் வரை எட்டுப் பேரும், கால் மாட்டில் ஒரு சீர்த் தட்டும், டிக்கியில் இரண்டு வாழைத் தாரும் ஏறும். பின்பக்கம் மண்ணில் உரசும். ஆகவே, "ஒரு பட்டை சேர்த்துப் போடுங்க" என்பார்கள், நாங்களும் போடுவோம். கல்யாணத்தன்று வண்டி கம்பீரமாக நிற்கும். மறுநாள் முதலாளி மட்டும் தனியாக ஆபீஸுக்குப் போகையில் ஒவ்வொரு கல்லும் அவர் முதுகெலும்பில் தெரியும். வருஷத்தில் நாலு நாள் பாரத்துக்காக மற்ற நாளெல்லாம் இடிபடுவதற்குப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு அப்போதே தோன்றியதுண்டு; ஆனால் வாயைத் திறக்கும் வயது அது அல்ல. பட்டைகளுக்கிடையே துரு ஏறிவிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சிறு மேட்டுக்கு அசையவே மாட்டா என்பதையும், பிரித்துத் தேய்த்துக் கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டினாலே பாதி வண்டிகள் புதுவண்டிபோல் ஆகிவிடும் என்பதையும் அங்கேதான் கண்டேன். எதையாவது புதிதாகச் சேர்க்கச் சொல்லி வருகிறவரிடம், இருப்பதைச் சுத்தம் செய்து பார்க்கலாமா என்று முதலில் கேட்கும் பழக்கம், வியாபாரத்துக்கு நஷ்டமானாலும், அன்று தொற்றியது.

இந்தக் கோயம்புத்தூருக்கு மோட்டார்ப் பந்தயப் பித்து உண்டு. பஞ்சாலைகளும் லேத்துப் பட்டறைகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில், ஒருவன் வேகமாகப் போக ஆசைப்பட்டால் அதற்கான சாமானைக் கடைந்து கொடுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளமான சோழவரத்தில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திய பந்தயங்களுக்கு இங்கிருந்து வண்டிகள் போகும். நானும் எழுபதுகளில் ஸ்பானர் பெட்டி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். பந்தயக்காரர் கரிவரதன் இவ்வூரிலிருந்துகொண்டு, மாருதி 800-இன் என்ஜினை வைத்து 1988-இல் ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகளைச் செய்து காட்டியதும், அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்த பின் செட்டிபாளையத்தில் அவர் பெயரால் ஓர் ஓட்டக்களம் ஏற்பட்டதும் பிற்காலத்துச் சரித்திரம். சோழவரத்தின் விமானப் பாதை சமதளம். அங்கே ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்தி, வண்டியைத் தாழ்த்தி, ஷாக்கை இறுக்கிவிட்டால் நேரம் குறையும் என்பது கண்கூடு. சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் பின் சக்கரங்கள் ஊசல்போல் தொங்கும் ஆக்ஸிலில் இருந்தபடியால், வேகத் திருப்பத்தில் உடல் எழும்பினால் வெளிப்புறச் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். அதைத் தாழ்த்திக் கெட்டிப்படுத்துவது பந்தயத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கே பத்திரம். அந்தப் பாடத்தை எல்லா வண்டிக்கும் பொதுவென்று எடுத்துக்கொண்டது என் அறியாமை.

எண்பதுகளில் மலை ரஸ்தாக்களிலும் எஸ்டேட் மண் பாதைகளிலும் நடந்த ராலிகளுக்குப் போனபோது அந்தக் கொள்கையில் முதல் விரிசல் விழுந்தது. கெட்டி ஸ்பிரிங் போட்ட வண்டிகள் கல் பாதையில் தவளைபோல் தாவி, தாவிய ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்குக்கு அடங்காமல் போயின. எவன் வண்டி மெத்தென்று, நீள நீளமாகச் சக்கரத்தை இறக்கி ஏற்றிக்கொண்டு போயிற்றோ அவன் முன்னால் நின்றான். மாலையில் ஷாக்கைத் தொட்டால் கை கொப்பளிக்கும். உள்ளே எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிட்டால் அடக்கும் சக்தி போய், வண்டி மறுபடி யானைநடை போடும். எண்ணெய் தனியாகவும் நைட்ரஜன் வாயு தனியாகவும் நடுவே மிதக்கும் ஒரு பிஸ்டனால் பிரிக்கப்பட்ட ஷாக்கை ஃபிரான்ஸ் தேசத்து தெ கார்போன் என்பவர் யோசித்ததும், அதை ஜெர்மனியின் பில்ஸ்டைன் கம்பெனியார் 1950-களிலேயே செய்து விற்கத் தொடங்கியதும் எனக்கு அப்போது தெரியாது. ஒரு ராலிக்காரர் வெளிதேசத்திலிருந்து கொண்டுவந்த பழைய ஜதையை அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கணக்கு எனக்குப் பின்னால் வந்தது. பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் பத்மினி காரைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு, என் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டிய நாலு வரி, அதுவரை என் கை அறிந்திருந்ததற்கெல்லாம் பெயர் வைத்தது. வண்டியின் பாரத்தால் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கினால் அது விநாடிக்கு ஒரு தரம் ஆடும். 11 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒன்றரைத் தரம். 6 சென்டிமீட்டர்தான் அமுங்கும் என்றால் இரண்டு தரம். நடக்கும்போது நம் உடம்பே விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு தரம் ஏறி இறங்குவதால் இந்த ஆட்டங்களை உடம்பு பெரிதாக மதிப்பதில்லை. நாலு முதல் எட்டு வரையுள்ள துடிப்பைத்தான் வயிறும் முதுகும் பொறுக்க மாட்டா. ஐந்து விநாடிக்கு ஒரு தரம் என்னும் மந்த ஆட்டமோ கப்பலில் தலைசுற்றச் செய்வது. ஸ்பிரிங் கம்பியின் பருமன் நான்காம் அடுக்காக வேலை செய்கிறதென்றும் அவர் சொன்னார்: 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ஸ்பிரிங் நூற்றுக்கு 38 பங்கு கெட்டியாகிவிடும். ஆறு சுற்றில் ஒன்றரைச் சுற்றை அறுத்தெறிந்தால் மூன்றில் ஒரு பங்கு கெட்டி. கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு எத்தனை பேர் முதுகை வதைத்திருக்கிறேன் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தேன்.

அவர் சொன்ன இன்னொரு விருத்தாந்தம் என் மனத்தில் ஆழமாகத் தங்கிற்று. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்பவர் 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனிக்குப் போய், பெரிய கார் ஒன்றின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைக் கட்டி, ஸ்பிரிங்குகளையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தாராம். முன் ஸ்பிரிங் பின்னதைவிடச் சற்று மெதுவாக ஆட வேண்டும் என்று அதில் கண்டார்கள். காரணம் எளிது. மேடு முதலில் முன் சக்கரத்தைத் தூக்குகிறது, 2.4 மீட்டர் தள்ளியிருக்கும் பின் சக்கரத்தை, 60 கிலோமீட்டர் வேகத்தில், விநாடியில் ஏழில் ஒரு பங்கு கழித்துத் தூக்குகிறது. பின்னால் புறப்பட்டது சற்று விரைவாக ஆடினால்தான் முன்னதை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்தாற்போல் எழுந்து இறங்கும். இல்லாவிட்டால் வண்டி உலக்கைபோல் முன்னும் பின்னும் மாறி மாறிக் குத்தும். அக்காலத்தில் முன்புறத்தைக் கெட்டியாக வைப்பதே சம்பிரதாயமாக இருந்ததாம். ஏற்றி ஓட்டிப் பார்த்து அதைக் கண்டார்கள் என்னும் இடத்தை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பின்வரும் அவமானம் நேர்ந்திராது.

1998-ஆம் வருஷம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு டாக்டர் என்னிடம் வந்தார். வாரத்துக்கொரு முறை வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். அவர் மனைவியாரும் கூடப் போவார். ஆழியாறு அணையிலிருந்து ஏறும் அந்த ரஸ்தாவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அவருடைய எஸ்டீம் கார் வளைவுகளில் அதிகமாகச் சாய்கிறதென்றும், இறங்கும்போது முன்புறம் குனிகிறதென்றும் சொன்னார். ராலி வண்டிகளுக்கு வேலை செய்கிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரமும் இருந்தது. கெட்டியான ஸ்பிரிங், இறுக்கமான வாயு ஷாக், 40 மில்லிமீட்டர் இறக்கம், அகலமான தாழ்ந்த டயர், அலாய் வீல், எல்லாவற்றையும் போட்டு, பொள்ளாச்சி ரஸ்தாவில் நானே ஓட்டிப் பார்த்தேன். கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. சந்தோஷத்துடன் பணம் வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதங்கழித்து டாக்டர் வந்தார். குறை சொல்லவில்லை, அந்தத் தலைமுறை மனிதர்களுக்கு வேலைக்காரனை நேரே குறை சொல்ல வாய் வராது. "வண்டி எனக்கு ரொம்பத் திருப்தி. எங்க வீட்டு அம்மாதான் பின்னாடி உட்கார்ந்து வர மாட்டேங்கிறா. நீங்க ஒருதரம் கூட வந்து பாருங்களேன்" என்றார். பேச்சோடு பேச்சாக, மழை நாளில் அட்டகட்டிக்கு மேலே உடைந்த வளைவு ஒன்றில் வண்டி வெளிப்பக்கமாக ஒரு முழம் நழுவியதையும் சொன்னார். நான் மறுவாரம் போனேன். அந்த அம்மாள் வீட்டில் இருந்துவிட்டபடியால் பின் ஸீட்டில் நானே உட்கார்ந்தேன்.

முப்பத்தைந்து வருஷத் தொழிலில், நான் வேலை செய்த வண்டி ஒன்றின் பின் ஸீட்டில் உட்கார்ந்து போனது அதுவே முதல் தடவை என்பது, ஆழியாறு தாண்டி ஐந்தாறு வளைவு ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் ஒரு பிடிமானம். குழி வருவதை அவன் கண் முன்கூட்டியே பார்த்து உடம்புக்குச் சொல்லிவிடுகிறது. காலும் பெடலில் ஊன்றியிருக்கிறது. பின்னால் இருக்கிறவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு அவர் பின் சக்கரத்தின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் பெருமையோடு "கெட்டிப் பிடிப்பு" என்று எண்ணியிருந்ததெல்லாம் அங்கே இடுப்பில் இறங்கும் அடியாக இருந்தது. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்னும் காட்சி முனையில், வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, அணை நீரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு சற்று நேரம் நின்றேன்.

பிறகு ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, தண்டில் ஒரு ரப்பர் வளையத்தைக் கீழே ஒட்டினாற்போல் மாட்டிவைத்தேன். சக்கரம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு வளையம் தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும்; இதைவிட உண்மை பேசும் கருவியை நான் கண்டதில்லை. அட்டகட்டியில் பார்த்தபோது வளையம் பம்ப் ஸ்டாப்பர் என்னும் மேல் ரப்பரில் போய் நசுங்கியிருந்தது. இத்தனை கெட்டியான ஸ்பிரிங் எப்படி அடிவரை அமுங்கிற்று? வண்டியைத் தாழ்த்தினதில் பாதி இடம் முன்னமே போய்விட்டது. மீதிப் பாதியை என் ஷாக் தின்றது. மேலெழும்பும் வேகத்தை அடக்குவதற்காக நான் அதை அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தேன். உடைந்த ரஸ்தாவில் குழிகள் அடுத்தடுத்து வரும்போது, ஒரு குழியில் அமுங்கின சக்கரம் மறுபடி இறங்கி முடிவதற்குள் அடுத்த குழி வந்து இன்னும் கொஞ்சம் அமுக்குகிறது. இப்படியே வண்டி படிப்படியாகக் குந்திக்கொண்டு, கடைசியில் ரப்பர்மேலேயே ஓடுகிறது. ரப்பர்மேல் ஓடுகிற வண்டிக்கு ஸ்பிரிங் என்பதே இல்லை. அந்த நிலையில் வளைவு வந்தால் டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். தொடாத கணங்களில் பிடிப்பு ஏது? டாக்டர் நழுவினதும், அம்மாளுக்கு இடுப்பு வலித்ததும் ஒரே குற்றத்தின் இரண்டு சாட்சியங்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை சொன்ன சாட்சியத்தை நான் இத்தனை நாளும் நம்பி வந்தேன். அந்தக் கைக்கு விறைப்பெல்லாம் பிடிப்பாகத் தெரியும். டயர் தரையில் இருக்கிறதா என்று அதைவிடச் சரியாகப் பின் ஸீட்டில் இருப்பவரின் முதுகுக்குத் தெரியும். இது எனக்குப் பிரத்தியட்சமான பிறகு வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

பின்னால் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் பூட்டினேன். நல்லவேளையாக, கழற்றிய சாமானை எறியாமல் வண்டி நம்பரைச் சாக்கட்டியால் எழுதிப் பெஞ்சின் அடியில் போட்டுவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. முன்னால் மாத்திரம் கம்பெனி ஸ்பிரிங்கைவிட நூற்றுக்குப் பத்துப் பங்கு போலக் கெட்டியான ஒரு ஜதை சுற்றச் சொல்லிப் போட்டேன்; உயரத்தைக் குறைக்கவில்லை. ஆலியின் விதிக்கு இது சற்று விரோதந்தான். ஆனால் அவர் விதி சமவெளியில் வேகமாகப் போகிற வண்டிக்கு. மலையில் இறங்கும்போது முன்புறம் குனிவதற்கு அது மருந்தல்ல. சாய்வைக் குறைக்க ஸ்டெபிலைசர் ராடைச் சற்றே பருமனாக்கினேன். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறினால் அந்த ராடு சும்மா இருக்கும். வண்டி ஒரு பக்கம் சாயும்போதுதான் முறுக்கேறித் தடுக்கும். சௌகரியத்தை அதிகம் கெடுக்காமல் சாய்வைக் குறைக்கும் யுக்தி அது ஒன்றே என்றாலும், அதிலும் ஆசை கூடாது: ஒற்றைச் சக்கரம் குழியில் விழும்போது அது மறு சக்கரத்தையும் சேர்த்து இழுப்பதால், பருமன் மிஞ்சினால் உள்ளே இருப்பவர் தலை இடமும் வலமுமாக ஆடும்.

மிச்சமெல்லாம் ஷாக்கில். மூடி வைத்த ஷாக்கின் தலையை லேத்தில் அறுத்து, மரை போட்டு, திறந்து மூடும்படி செய்துகொண்டு, உள்ளே எண்ணெய் போகும் வழியை அடைக்கும் மெல்லிய தகடுகளை ஒன்று எடுப்பதும் ஒன்று சேர்ப்பதுமாக நாலு தடவை மாற்றினேன். அமுங்கும்போது தாராளமாக விட வேண்டும். எழும்பும்போது அதைவிட இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் அடுத்த குழி வருவதற்குள் சக்கரம் இறங்கிவிடும்படி விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அந்த இடம் எங்கே என்பதைப் புஸ்தகம் சொல்லாது. ரப்பர் வளையமும் முதுகும் சொல்லும். பழைய கட்டை ரப்பருக்குப் பதிலாக, அமுங்க அமுங்க மெல்லக் கெட்டிப்படும் நுரைப் பம்ப் ஸ்டாப்பர் போட்டேன். அலாய் வீலை டாக்டரின் மகன் விட மாட்டேன் என்றதால் அதை விட்டுவிட்டு, டயரை மட்டும் உயரமான பழைய அளவுக்கு மாற்றி, காற்றைக் கதவோரத்தில் கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கும் அளவுக்கு இறக்கினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வால்பாறைக்கு ஒரு நடை. டாக்டர் ஓட்ட, நான் பின்னால். ஐந்தாம் நடையில் அம்மாளும் வந்தார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, "நீங்க முன்னாடி உட்காருங்க, நான் இங்கேயே பார்த்துக்கறேன்" என்றார்கள். ரொட்டிக்கடை வருவதற்கு முன் பின்பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன், கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அடுத்த வளைவைத் திருப்பினார்.

பொருளாதார ரீதியில் அது எனக்கு நஷ்ட வேலை. ஆனால் அதன் பிறகு என் பட்டறையில் ஒரு விதி ஏற்பட்டது: வேலை முடிந்த வண்டியைப் பையன் ஓட்டுவான், நான் பின்னால் உட்காருவேன். பொள்ளாச்சி ரஸ்தாவில் சுந்தராபுரம் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை வேகத்தடைகள் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வகுத்த விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஏறி இறங்கும்படி உருண்டையாக இருக்க வேண்டும் என்றிருந்தது. தெருவாசிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டி வைக்கும் தார்க் கட்டிக்கு அந்த விதி தெரியாது. தாழ்த்தின வண்டிகளின் வயிற்றைக் கிழிப்பது பெரும்பாலும் அதுவே.

இக்காலத்தில் கடைகளில் கிடைக்கும் மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கிடையே சொருகுகிற ரப்பர் பஃபர் ஒன்றுண்டு. வண்டி உயரும், அடி தட்டாது, ஆகையால் விற்கிறது. அது செய்வது நாலு சுற்றில் ஒன்றைக் கட்டிப்போட்டு ஸ்பிரிங்கைக் கெட்டிப்படுத்துவதே. அந்தக் கெட்டிக்கு ஏற்ற அடக்கம் ஷாக்கில் இல்லாததால் காலி வண்டி பந்துபோல் குதிக்கும். அந்த நாளில் அம்பாஸடருக்கு நாங்கள் சேர்த்த ஒற்றைப் பட்டையேதான் வேறு உருவில் வந்திருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த சாமானை எண்ணி, என்னிடம் "காயிலோவர் போடணும்" என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு லோயர் ஆர்ம் புஷ்ஷும், ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்டும் தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றி அலைன்மென்ட் பார்த்தால் அவர்களுக்கு வேறொன்றும் வேண்டியிராது. நான் அதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். பிடியைத் திருகினால் "டிக் டிக்" என்று முப்பது நிலைகளில் இறுக்கமும் தளர்ச்சியும் காட்டும் ஷாக்குகள் நல்ல வஸ்துக்களே. அவற்றை வாங்குகிறவர்களில் பலர் முதல் நாளே முப்பதாவது நிலைக்குத் திருகிவிட்டு, பிறகு தொடுவதே இல்லை.

அந்த ஸ்விஃப்ட் இளைஞரிடமும் நான் இதையெல்லாம் சொன்னேன். "தம்பி, அம்மா அப்பாவை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, அவங்களைப் பின்னாடி உட்கார வெச்சு ஓட்டிப் பார்த்திட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. வாங்கிய ஸ்பிரிங் வாங்கியதாயிற்று என்றார். நான் பூட்டிக் கொடுத்தேன். பூட்ட மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, வண்டி அவருடையது. அந்த ஸ்பிரிங்குக்குப் பொருத்தமான ஷாக்குகளையும் நுரை ஸ்டாப்பரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும்படி மட்டும் வற்புறுத்தினேன், அதைக் கேட்டுக்கொண்டார். பையன் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து ஒரு நடை போய்வந்தேன். மோசமில்லை, நல்லதுமில்லை. போன மாதம் லிங்க் ராடு உடைந்து வந்திருந்தார். அம்மா அப்பா எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஊருக்குப் போவதென்றால் அவர்கள் இப்போது பஸ்ஸில் போய்விடுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கம்பெனி ஸ்பிரிங் நான்கையும் எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டேன். வீட்டில் வைக்க இடமில்லை, இருக்கட்டும் என்றார். பெஞ்சின் அடியில் அவருடைய வண்டி நம்பர் எழுதியபடி கிடக்கின்றன. சாக்கட்டி அழியத் தொடங்கியிருந்ததைப் பார்த்து, நேற்றுப் பையனிடம் பெயிண்டால் எழுதிவைக்கச் சொன்னேன்.